பயிற்சி முடிந்ததா? இனிமேல்தான் உஷார்!

வட்டார வள மையத்தின் மாடி அறையில் ஒருநாள் பயிற்சி. காலை ஒன்பதரைக்கு வருகைப் பதிவு, பதினொரு மணிக்கு டீயும் வடையும், மதியம் சாம்பார் சாதம், மூன்றே முக்காலுக்கு குரூப் போட்டோ. நான்கு மணிக்கு என் கையில் ஒரு சான்றிதழ். வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றி நான் பயிற்சி பெற்றுவிட்டதாக அது சொன்னது. பஸ்ஸில் வரும்போது மடங்கிவிடாமல் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பயிற்சி வராதா என்று ஏங்கியவள் நான். அதனால் கேலிக்குச் சொல்லவில்லை: அந்தத் தாள் கைக்கு வந்த பிறகுதான் நான் ஆபத்தான ஆளாக ஆனேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். அவளுடைய விவரங்களை, அவளே படித்தாலும் ‘இது நானில்லை’ என்று சொல்லும்படி மாற்றியிருக்கிறேன். மூன்று வாரமாக அடிக்கடி வயிற்று வலி என்று வீட்டுக்குப் போகக் கேட்டுக்கொண்டிருந்தாள். மாதாமாதம் வருவதுதானே என்று விட்டிருந்தேன். பயிற்சியில் காட்டிய ஒரு ஸ்லைடு சட்டென்று நினைவுக்கு வந்தது: காரணம் தெரியாத உடல் வலி ஓர் அறிகுறி. உடனே அவளை ஸ்டாஃப் ரூமுக்கு வரவழைத்தேன். இரண்டு டீச்சர்கள் நோட்டு திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படியே, “ஏம்மா, மனசுல ஏதாவது கஷ்டமா?” என்று கேட்டேன். “இல்ல டீச்சர்” என்று போய்விட்டாள். நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனாலும் நான்கு நாள் கழித்து, சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் அவளே வந்தாள். “ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கல்ல டீச்சர்?” அவள் கையைப் பிடித்து, “சத்தியமா சொல்ல மாட்டேன்” என்றேன். “எனக்கு இருக்கவே பிடிக்கல டீச்சர்.”

அதற்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரசங்கம் செய்தேன். அம்மா எவ்வளவு கஷ்டப்படுகிறாள் பார் என்றேன். உனக்கு அப்பாவாவது இருக்கிறார், அப்பா இல்லாமல் படிக்கிற பிள்ளைகள் நம் பள்ளியிலேயே எத்தனை பேர் என்றேன். நீ நல்லாப் படிக்கிற பிள்ளை, தைரியமாக இரு என்றேன். பத்து நிமிஷம். அவள் “சரி டீச்சர்” என்றாள். ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போய் தோசை சுட்டேன்.

ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கிவாரிப் போட்டு எழுந்தேன். இருக்கப் பிடிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவே இல்லையே! இன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கிறாள்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? யாரிடம் கேட்பது? சான்றிதழை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நான்கு கையெழுத்து இருந்தது, போன் நம்பர் ஒன்றுகூட இல்லை. மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பாட்டி ஊருக்குப் போயிருந்தாள் என்று மூன்றாம் நாள் தெரிந்தது. நல்லபடியாக இருந்தாள். அந்த இரண்டு நாள் எப்படிப் போனது என்பதை நான் எழுதப்போவதில்லை. இந்த நாட்டில் லட்சக்கணக்கான ஆசிரியர்கள் சீக்கிரமே என் நிலையில் நிற்கப்போகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

காரணம் இருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்காகத் தங்கிப் படித்த 17 வயது மாணவி 2023 ஜூலையில் இறந்த வழக்கில், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் 15 வழிகாட்டு நெறிகளை நாடு முழுவதற்கும் பிறப்பித்தது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு. சட்டம் வரும்வரை பள்ளி, கல்லூரி, கோச்சிங் சென்டர், விடுதி எல்லாவற்றையும் இவை கட்டுப்படுத்தும். நூறு மாணவர்களும் அதற்கு மேலும் இருக்கும் இடங்களில் தகுதி பெற்ற ஆலோசகரை அமர்த்த வேண்டும். ஆசிரியர்களுக்கும் மற்ற பணியாளர்களுக்கும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது பயிற்சி தர வேண்டும்: மனநல முதலுதவி, எச்சரிக்கை அறிகுறிகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளையிடம் நடந்துகொள்ளும் முறை, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழி. மார்க்கை வைத்து ‘ஏ பேட்ச், பி பேட்ச்’ என்று பிரிக்கவும் கூடாது. நல்ல தீர்ப்பு. கையெடுத்துக் கும்பிட வேண்டிய தீர்ப்பு.

ஆனால் நம் ஊர் வழக்கம் நமக்குத் தெரியாதா? ஆலோசகரை அமர்த்தினால் மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். பயிற்சி என்றால் ஒருநாள் சாப்பாட்டுச் செலவோடு முடியும். இரண்டில் எது முதலில் நடக்கும்? கோப்பில் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி, கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் ஒரு டிக். அதன்பிறகு ஏதாவது விபரீதம் நடந்தால், “டீச்சருக்குத்தான் டிரெய்னிங் கொடுத்தோமே, அவங்க ஏன் கண்டுபிடிக்கல?” என்பார்கள். டீச்சர், உஷார். அந்தச் சான்றிதழ் பிள்ளைக்குக் குடையாகிறதோ இல்லையோ, நிர்வாகத்துக்குக் குடையாகிவிடும்.

இது என் புலம்பல் மட்டுமில்லை. ஆசிரியருக்குப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகளுக்கு என்ன ஆகிறது என்று உலகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். நாம் கேட்க விரும்புகிற பதில் வரவில்லை.

பீகாரில் நாளந்தா மாவட்டம். 74 அரசு உயர்நிலைப் பள்ளிகள். ‘சேஹர்’ என்ற பெயரில் சங்காத் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஆய்வாளர்கள் 2015இல் தொடங்கிய சோதனை அது. முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. பள்ளிகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில், பயிற்சி பெற்ற ஒரு சாதாரண ஆள் பள்ளிக்கு வந்து மாணவர் நலனுக்கான வேலையை மட்டும் செய்தார். அவர் ஆசிரியரும் இல்லை, உளவியல் நிபுணரும் இல்லை. இன்னொரு பிரிவில் அதே பயிற்சியைப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கே கொடுத்து, அதே வேலையைச் செய்யச் சொன்னார்கள். மூன்றாவது பிரிவில் இரண்டும் இல்லை. வழக்கமான வாழ்க்கைத்திறன் வகுப்பு மட்டும். பிரேயரில் பேசுவது, சுவர்ப் பத்திரிகை, மனதில் உள்ளதை எழுதிப் போட ஒரு பெட்டி, தனியாக வந்து பேச நேரம் என்று வேலைகள் இரண்டு பிரிவிலும் ஒன்றுதான்.

எட்டு மாதம் கழித்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அளந்தார்கள். வெளி ஆள் செய்த பள்ளிகளில் மனச்சோர்வு குறைந்திருந்தது, ஒருவரை ஒருவர் கேலி செய்து வதைப்பது குறைந்திருந்தது, பள்ளிச் சூழலே மாறியிருந்தது. ஆசிரியர் செய்த பள்ளிகளில்? ஒன்றுமே மாறவில்லை. வழக்கமான வகுப்பு மட்டும் நடந்த பள்ளிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இதை முதலில் படித்தபோது எனக்கு ரோஷம் வந்தது. நாங்கள் என்ன அவ்வளவு மட்டமா? பிறகு என் டைம்டேபிளை எடுத்துப் பார்த்தேன். வாரத்துக்கு 28 பீரியட், மெல்லக் கற்போருக்கு மாலை வகுப்பு, உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு எண் சேகரிப்பு, தேர்தல் வந்தால் பூத் வேலை. இதில் ஒரு பிள்ளை சொல்வதை நாற்பது நிமிஷம் உட்கார்ந்து கேட்க எந்த மணியை எடுப்பேன்? நேரம்கூட இரண்டாவது விஷயம்தான். காலையில் ரெக்கார்டு நோட்டு முடிக்காததற்கு அவளை வெளியே நிறுத்தியது நான். காலாண்டில் அவளுக்கு 31 மார்க் போட்டது நான். மதியம் அவள் என்னிடம் வந்து மனதைத் திறக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். பிரம்பைக் கீழே வைத்துவிட்டதாக நாம் நினைக்கலாம். பிள்ளையின் கண்ணுக்கு அது இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.

ஐரோப்பாவில் இதைவிடப் பெரிய சோதனை. பத்து நாடுகள், 168 பள்ளிகள், 11,110 மாணவர்கள்; 2015இல் வெளிவந்தது. தற்கொலை அபாயத்தைக் கண்டுபிடிக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது ஒரு பிரிவு. மாணவர்களிடமே நேரடியாகப் போய், நடித்துப் பார்த்தும் பேசிப் பார்த்தும், ‘மனசு கஷ்டமானால் என்ன செய்வது, நண்பனுக்கு எப்படி உதவுவது’ என்று சொல்லிக்கொடுத்தது இன்னொரு பிரிவு. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, மாணவர்களோடு வேலை செய்த பிரிவில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த பிரிவில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறையவில்லை.

ஆஸ்திரேலியாதான் மனநல முதலுதவி என்ற பயிற்சியே பிறந்த இடம். அங்கே உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அதைக் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2010இல் வந்தது. ஆசிரியர்களின் அறிவு கூடியது. தன்னம்பிக்கையும் கூடியது. ஆனால் கஷ்டத்தில் இருக்கும் பிள்ளைக்கு அவர்கள் தனிப்பட்ட முறையில் தரும் உதவி கூடவில்லை. பிள்ளைகளின் மனநலத்திலும் மாற்றமில்லை. தன்னம்பிக்கை மட்டும் கூடிய ஆசிரியை என்றால் யார்? தோசை சுட்டுக்கொண்டிருந்தேனே, நான்தான்.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா? வேண்டும். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு மனநலக் கோளாறு இருப்பதாக நிம்ஹான்ஸ் நடத்திய 2015–16 தேசிய ஆய்வு சொன்னது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் கிட்டத்தட்ட மூன்று பேர். மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள் தலைகாட்டத் தொடங்கிவிடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது எட்டாவது, ஒன்பதாவது. அந்த வயதில் அவர்களைத் தினமும் பார்க்கிற பெரியவர், பெற்றோருக்கு அடுத்து, நாம்தான். பல வீடுகளில் பெற்றோருக்கு முன்பே நாம். கண்ணில் படுவதைக் கவனிக்கத் தெரிய வேண்டும். ஆனால் கவனிப்பது வேறு, கையாள்வது வேறு. அந்த எல்லைக்கோட்டைச் சொல்லித்தராத பயிற்சி அரைகுறைப் பயிற்சி. அரைகுறை நீச்சல்காரர் குளத்தில் குதித்தால் இரண்டு பேரைத் தூக்க வேண்டியிருக்கும்.

முதல் ஆபத்து அந்த அறிகுறிப் பட்டியல். சோகமாக இருப்பான், தனியாக உட்கார்ந்திருப்பான் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு பல நேரம் சோகமாக வராது, எரிச்சலாக வரும். எதற்கெடுத்தாலும் சண்டை, பெஞ்சை உதைப்பது, எதிர்த்துப் பேசுவது. நாம் ‘திமிர்’ என்று பெயர் வைத்து அப்பாவை வரச்சொல்கிற பையன்தான் சில சமயம் அந்த மூவரில் ஒருவன். அமைதியாக, கீழ்ப்படிந்து, எழுத்து மணிமணியாக இருக்கிற பெண்ணைப் பற்றி நமக்குச் சந்தேகமே வராது. பல நாள் குழப்பத்தில் இருந்த பிள்ளை திடீரென்று அமைதியாகி, தனக்குப் பிடித்த பொருட்களைத் தோழிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினால், ‘சரியாகிவிட்டாள்’ என்று நிம்மதி அடைகிற இடம் அது இல்லை.

பட்டியலைப் படித்ததும் ஸ்டாஃப் ரூமில் டாக்டர்கள் பெருகுவார்கள். “நைன்த் பி-ல அந்தப் பையனுக்கு டிப்ரஷன்பா”, “அவளுக்கு பைபோலார் மாதிரி தெரியுது.” பெயர் வைப்பது மருத்துவர் வேலை. நாம் வைத்த பெயர் டீ வருவதற்குள் மூன்று வகுப்புகளுக்குப் போய்விடும். அந்தப் பிள்ளை ‘மென்டல்’ என்ற பட்டத்தோடு பத்தாம் வகுப்பு முடிக்கும்.

இதைவிட பயமாக இருப்பது இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் கேள்வித்தாள்கள். மனச்சோர்வை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். நல்ல கருவி, தெரிந்தவர்கள் கையில். ஆர்வக்கோளாறில் யாராவது அதை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பு முழுக்கக் கொடுத்து எழுதி வாங்கிவிடலாம். அதன் கடைசிக் கேள்வி சாவைப் பற்றியது. ஒரு பிள்ளை அந்தக் கட்டத்தில் ‘ஏறக்குறைய தினமும்’ என்று டிக் செய்துவிட்டு, இனிமேல் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கும். படிவங்களோ பீரோவுக்குள் பொங்கல் விடுமுறையில் தூங்கும். கேட்டுவிட்டுப் படிக்காமல் இருப்பது, கேட்காமல் இருப்பதைவிடக் கொடுமை. அன்று மாலை மணி அடிப்பதற்குள் அத்தனை தாளையும் படித்து, ஆபத்தில் இருக்கிற பிள்ளையை உடனே ஒரு நிபுணரிடம் சேர்க்க வழியில்லை என்றால், அந்தத் தாளைக் கையால் தொடாதீர்கள்.

அடுத்தது, நான் செய்த சத்தியம். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்ற வாக்கை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். அப்போது வாக்கை உடைத்த துரோகி ஆவீர்கள். பாலியல் கொடுமை என்று தெரிந்தால் சட்டமே உங்களைச் சொல்ல வைக்கும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, விஷயம் தெரிந்த யாரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவரே மறைத்தால் ஒரு வருஷம் வரை. ‘பள்ளியின் மானம்’ என்று ஹெச்.எம். சொன்னாலும், ‘பெண்ணோட எதிர்காலம்’ என்று உறவினர் சொன்னாலும் அந்தக் கடமை போகாது. பிள்ளை கேட்டால் சொல்ல வேண்டியது இதுதான்: “உனக்கு ஆபத்து இல்லாத வரைக்கும் எனக்குள்ளயே இருக்கும்மா. ஆபத்துன்னா, உனக்கு உதவி பண்ணக்கூடிய ஒருத்தர்கிட்ட மட்டும் சொல்வேன். உன்கிட்ட கேட்டுட்டு, உனக்குத் தெரிஞ்சுதான் சொல்வேன்.” பெரும்பாலான பிள்ளைகள் அதற்குப் பிறகும் பேசும்.

நான் கேட்காமல் விட்ட கேள்வியும் இருக்கிறது. “செத்துடலாம்னு தோணுதாம்மா?” என்று வாய்விட்டுக் கேட்டால் நாமே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று எல்லோருக்கும் பயம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் வருகிறது. ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், அந்த நிமிஷத்திலிருந்து அந்தப் பிள்ளையைத் தனியாக விடக்கூடாது. வீட்டில் பொறுப்பான ஒருவர் கையிலோ மருத்துவமனையிலோ ஒப்படைக்கும்வரை ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும். பாத்ரூமுக்குப் போனாலும் வாசலில். வீட்டிலும் ஆபத்தான பொருள் எதுவும் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். பேச்சு என்ற பெயரில் உபதேசம் வேண்டாம். ‘அம்மாவை நினைச்சுப் பாரு’ என்றேனே, அவள் ஏற்கெனவே அம்மாவுக்குப் பாரமாக இருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாரத்தின் மேல் நானும் ஒரு கல்லை வைத்தேன்.

வீட்டுக்குப் போன் போடும் விஷயத்திலும் உஷார். அவள் திரும்பி வந்த பிறகு நான் வாக்கை உடைத்து ஹெச்.எம்.மிடம் சொன்னதும், அவர் நல்ல எண்ணத்தோடு அவள் அப்பாவை வரவழைத்தார். அவர் வந்து, ஆபீஸ் ரூம் வாசலிலேயே, “மானத்த வாங்கிட்டியே” என்று கையை ஓங்கினார். அவளுக்கு வீட்டில் பயம் யாரிடம் என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. “வீட்ல யார்கிட்ட முதல்ல சொல்லலாம்?” என்று கேட்டிருந்தால் சித்தியைச் சொல்லியிருப்பாள் என்று பிறகு தெரிந்தது. பெற்றோருக்குச் சொல்லத்தான் வேண்டும். யாருக்கு, எப்படி, யார் கூட இருக்கும்போது என்பதை அந்தப் பிள்ளையோடு பேசி முடிவு செய்ய அரைமணி நேரம் போதும். பெற்றோர் கோவிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போகிறோம் என்றால் அவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். “போயிட்டு வாங்க, கூடவே டாக்டரையும் பாத்துடலாம்” என்றால் பல பேர் கேட்பார்கள்.

இன்னொன்று. எல்லா வேதனையும் மனசுக்குள் பிறப்பதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவன் ஒருவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். சாதி. அதன்பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்து, 2024இல் அறிக்கை வந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு முதல் வருகைப் பதிவேடு வரை அது பேசியது. வகுப்பில் சாதியால் ஒதுக்கப்பட்டுப் பள்ளிக்கு வரவே பயப்படுகிற பிள்ளையை, பயிற்சி பெற்ற ஆசிரியர் மூச்சுப் பயிற்சி செய்யச் சொன்னால் அதைவிட அநியாயம் வேறில்லை. மனநலம் என்ற சொல் வசதியான போர்வை. அதை இழுத்துப் போர்த்தினால் பள்ளி செய்ய வேண்டிய நியாயம் கீழே மறைந்துபோகும்.

பரீட்சையும் அப்படித்தான். 2022இல் நாட்டில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கை எடுத்துச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதில் 2,248 மரணங்களைத் தேர்வுத் தோல்வியோடு சேர்த்துப் பேசியது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிசல்ட் அன்றைக்கு மட்டும் விழிப்பாக இருந்தால் போதாது. பெரும்பாலான பிள்ளைகள் வேறு நாட்களில், வேறு காரணங்களால் போகிறார்கள். அதேசமயம், மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017இல் தமிழ்நாடு நிறுத்தியது நினைவிருக்கிறதா? எந்த ஆசிரியருக்கும் எந்தப் பயிற்சியும் தேவைப்படவில்லை, ஒரு அரசாணை போதுமாக இருந்தது. இன்றைக்கும் பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறவர்களை நாமே போய்த் தட்டிக்கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

ஆகவே அடுத்த பயிற்சிக்குக் கூப்பிட்டால் போங்கள். கருத்தாளரிடம் எழுந்து நின்று கேளுங்கள்: “சார், வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு பொண்ணு என்கிட்ட சொல்லிட்டா. நான் யாருக்குப் போன் பண்ணணும்? அவங்க எடுக்கலேன்னா அடுத்து யாரு?” இதற்குப் பெயரும் நம்பருமாகப் பதில் வரவில்லை என்றால், மிச்ச ஸ்லைடுகளால் பயனில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் நம் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எந்தக் கிழமை, எந்த அறையில் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி மானஸ் எண் 14416. நாள் முழுக்க, தமிழிலும் பேசலாம். குழந்தைகளுக்கு 1098. சென்னையில் 1986 முதல் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் சிநேகாவின் எண் 044-24640050. இவற்றைச் சுவரில் ஒட்டுவதற்கு முன் நீங்களே ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். எத்தனை ரிங் போகிறது, என்ன கேட்கிறார்கள், அழுதுகொண்டிருக்கிற பிள்ளையால் அந்த மெனுவைத் தாண்ட முடியுமா என்று தெரியும். அவளோடு உட்கார்ந்து நீங்கள்தான் அழுத்திக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறதா? ஹெச்.எம். அறை வாசலில் இருக்கிறதா? யார் போடுகிறார்கள் என்று பியூன் முதல் அனைவரும் பார்க்கிற இடத்தில் எந்தப் பிள்ளை சீட்டு போடும்? சாவி யாரிடம்? கடைசியாக எப்போது திறந்தது?

நம்மையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 பள்ளிகளில் ஆசிரியர்களுக்கு மனநல முதலுதவிப் பயிற்சியும், சக ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஏற்பாடும் செய்து பார்த்தார்கள். ஆசிரியர்களின் மனநிலைகூட முன்னேறவில்லை. வேலைப் பளு அப்படியே இருந்தால் பயிற்சி என்ன செய்யும்? அவள் வராத அந்த இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை. 14416 ஆசிரியர்களுக்கும் எடுக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் பிறகு சித்தியோடு மாவட்ட மருத்துவமனைக்குப் போனாள். மருந்தும் பேச்சுமாகச் சில மாதங்கள். பத்தாவது முடித்தாள். என்னிடம் மட்டும் அவள் திரும்பப் பேசவே இல்லை. வணக்கம் சொல்வாள், அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, புகார் இல்லை.

ஆனால் பத்தாம் வகுப்பு முழுக்க, மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் எங்கே போனாள் என்று நான் பார்த்திருக்கிறேன். சத்துணவுக் கூடத்துப் பின்புறம், பாத்திரம் கழுவும் குழாயடி. அங்கே சமையல் உதவியாளர் அக்கா தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். இவள் பேசுவாள். ஒருநாள் அக்காவிடம் தனியாக, “என்னக்கா பேசுவா?” என்றேன். “அத எதுக்கு டீச்சர் உங்களுக்குச் சொல்லணும்?” என்றார். பிறகு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே, “அன்னைக்கு ஒருநாள் ரொம்ப முடியலன்னா. அப்ப நான்தான் அவ சித்திக்குப் போன் போட்டேன். அவளக் கேட்டுட்டுத்தான் போட்டேன்” என்றார்.

நாளந்தாவில் அவர்கள் பள்ளிக்குப் பள்ளி அமர்த்திய ஆளை, நாங்கள் குழாயடியிலேயே வைத்திருந்திருக்கிறோம்.

இந்த வருஷத்துக்கான பயிற்சிச் சுற்றறிக்கை போன வாரம் வந்தது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், முடிந்தால் ஆண் ஒருவர், பெண் ஒருவர். 2020இல் மத்திய அரசின் பள்ளி நலத் திட்டம் வந்ததிலிருந்து அதுதான் கணக்கு. என் பெயரையும் பி.டி. சார் பெயரையும் ஹெச்.எம். எழுதி அனுப்பத் தயாராக வைத்திருக்கிறார். மற்ற பணியாளர்களுக்கும் பயிற்சி என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பத்தியை ஜெராக்ஸ் எடுத்து அந்தத் தாளோடு பின் அடித்து, மூன்றாவதாக ஒரு பெயரைப் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஹெச்.எம். பார்ப்பார்.